கணித வகுப்பறையில் உற்றுநோக்கல்

கணித வகுப்பறை உற்றுநோக்கல் என்பது, கணிதப் பாடவேளையில் மாணவர்கள் என்ன செய்கிறார்கள், ஒரு விடையை எவ்வழியில் அடைகிறார்கள், ஆசிரியர் அதற்கேற்பத் தம் கற்பித்தலை எவ்வாறு அமைத்துக்கொள்கிறார் என்பவற்றைத் திட்டமிட்டுக் கவனித்துப் பதிவு செய்யும் முறையாகும். கல்வியியல் பட்டப்படிப்பு (பி.எட்.) மாணவர்கள், பணியிலுள்ள ஆசிரியர்கள், ஆசிரியர் பயிற்றுநர்கள், ஆய்வாளர்கள் ஆகியோர் இதனைப் பயன்படுத்துகின்றனர்.

மற்றப் பாடங்களைவிடக் கணிதத்தில் உற்றுநோக்கலுக்குத் தனித் தேவை உண்டு. கணிதத்தில் விடை சரியா தவறா என்பது உடனே தெரிந்துவிடும். ஆனால், மாணவர் அந்த விடைக்கு எப்படி வந்தார் என்பது விடைத்தாளில் தெரிவதில்லை. சரியான விடைக்குப் பின்னால் தவறான புரிதல் இருக்கலாம். ஒரே தவறான விடைக்குப் பின்னால் இரண்டு வெவ்வேறு காரணங்களும் இருக்கலாம். இவற்றைப் பிரித்தறிய, மாணவர் கணக்குச் செய்யும்போது அருகிலிருந்து பார்ப்பதும் அவரைப் பேசச் செய்து கேட்பதும் தேவை.

உற்றுநோக்கலும் மேற்பார்வையும்

வகுப்பறைக்குள் ஒருவர் குறிப்பேட்டுடன் வந்து பின்வரிசையில் அமர்ந்தால், அவர் 'ஆய்வுக்கு' வந்திருக்கிறார் என்றே ஆசிரியரும் மாணவரும் எண்ணுகின்றனர். மேற்பார்வையின் நோக்கம், விதித்த பணி நடந்ததா என்று சரிபார்ப்பது. பாடக்குறிப்பு எழுதப்பட்டுள்ளதா, துணைக்கருவி பயன்பட்டதா, வகுப்பு அமைதியாக இருந்ததா போன்றவை அதன் கேள்விகள். உற்றுநோக்கலின் நோக்கம் வேறு. இந்த நாற்பது நிமிடங்களில் மாணவர் மனத்தில் என்ன நிகழ்ந்தது என்பதே அதன் கேள்வி.

இரண்டையும் ஒன்றாகக் கொள்வதால் வரும் இழப்பு பெரிது. ஆய்வுக்கு வந்தவர் முன்னிலையில் ஆசிரியர் தமக்கு நன்கு வரும் பாடத்தையே நடத்துவார். நன்றாகப் படிக்கும் மாணவர்களையே கேள்வி கேட்பார். விடை தெரியாத மாணவர் தலையைக் குனிந்துகொள்வார். பாடம் சிறப்பாக நடந்ததாகப் பதிவாகும். உதவி தேவைப்பட்ட மாணவர் மட்டும் அந்தப் பதிவில் இடம்பெற மாட்டார்.

வரலாறு

தமிழகத்தின் திண்ணைப் பள்ளிகளில் எண்சுவடி முதன்மையான பாடமாக இருந்தது. முழு எண்கள், முந்திரி, காணி, மா, கால், அரை போன்ற பின்னங்கள், பெருக்கல் வாய்பாடுகள், முகத்தல் நீட்டல் அளவைகள் ஆகியவற்றை மாணவர்கள் மணலில் எழுதியும் உரக்கச் சொல்லியும் மனப்பாடம் செய்தனர். மூத்த மாணவரான சட்டாம்பிள்ளை, இளைய மாணவர்கள் சொல்வதைக் கேட்டுத் திருத்தினார்.

இம்முறையை வெளியிலிருந்து கவனித்தவர்களுள் ஆண்ட்ரூ பெல் குறிப்பிடத்தக்கவர். சென்னை எழும்பூரில் இருந்த படைவீரர் ஆதரவற்ற சிறுவர் இல்லத்தின் கண்காணிப்பாளராக 1789-இல் பொறுப்பேற்ற அவர், உள்ளூர்ப் பள்ளியொன்றில் சிறுவர்கள் விரலால் மணலில் எழுதிப் படிப்பதைக் கண்டார். அதைத் தம் இல்லத்தில் பின்பற்றியதுடன், மாணவரைக் கொண்டே மாணவருக்குக் கற்பிக்கும் முறையையும் உருவாக்கினார். 1797-இல் இலண்டனில் அவர் வெளியிட்ட அறிக்கையின் வழியே அது 'மெட்ராஸ் முறை' என்ற பெயரில் இங்கிலாந்திலும் பிற நாடுகளிலும் பரவியது. ஒரு பள்ளியில் பிள்ளைகள் எப்படிக் கற்கிறார்கள் என்பதை நின்று பார்த்ததால் விளைந்த மாற்றத்துக்கு இது ஒரு முற்கால எடுத்துக்காட்டு.

19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் சென்னை மாகாணத்தில் தேர்ச்சி முடிவுக்கேற்ப மானியம் வழங்கும் முறை நடைமுறையில் இருந்தது. கல்வி ஆய்வாளர் பள்ளிக்கு வந்து மாணவர்களை வாசிப்பு, எழுத்து, கணக்கு ஆகியவற்றில் சோதிப்பார். முடிவைப் பொறுத்து மானியம் அமையும். இந்த ஏற்பாட்டில் வகுப்பறைக்கு வரும் வெளியாளின் வேலை விடையைச் சோதிப்பதாகவே இருந்தது. 'இன்ஸ்பெக்‌ஷன்' என்ற சொல்லைக் கேட்டதும் பள்ளிகளில் இன்றும் ஏற்படும் பரபரப்பின் வேர்களுள் இதுவும் ஒன்று எனலாம்.

மாணவர் நடத்தையில் கவனிக்க வேண்டியவை

'நடத்தை' என்ற சொல் இங்கே ஒழுக்கத்தைக் குறிக்கவில்லை. கணக்குச் செய்யும்போது மாணவரிடம் வெளிப்படும் செயல், பேச்சு, தயக்கம், உடல்மொழி ஆகிய அனைத்தையும் குறிக்கிறது. அவற்றுள் சில:

1. கூட்டுக்குரல். பாடத்தை முடித்த ஆசிரியர் "புரிஞ்சுதா?" என்று கேட்டால், கோவை வட்டாரப் பள்ளிகளில் "புரிஞ்சுதுங்க டீச்சர்" என்று வகுப்பே ஒருசேரச் சொல்லும். இது மரியாதையின் வெளிப்பாடு. புரிதலுக்குச் சான்று ஆகாது. கூட்டுக்குரலில் யார் உதடு அசையவில்லை, யார் மற்றவர் தொடங்கிய பிறகு அரை நொடி தாமதித்துச் சேர்கிறார் என்பதே கவனிக்க வேண்டியது.

2. பக்கத்துக் குறிப்பேட்டைப் பார்த்தல். இது எப்போதும் 'காப்பி அடித்தல்' ஆகாது. சிலர் விடையை எழுதிய பிறகு ஒப்பிட்டுப் பார்க்கின்றனர். சிலர் முதல் படி தெரியாமல் பார்க்கின்றனர். எந்தக் கட்டத்தில் பார்க்கிறார் என்பதைக் குறித்தால், தடை எங்கே என்பது தெரியவரும்.

3. விரல்விட்டு எண்ணுதல். முதல் வகுப்பில் இது இயல்பானது. ஐந்தாம் வகுப்பில் 8 + 7-க்கு ஒன்றிலிருந்து எண்ணுபவரும், எட்டை மனத்தில் வைத்து மேலே ஏழு எண்ணுபவரும், எட்டோடு இரண்டைச் சேர்த்துப் பத்தாக்கி ஐந்தைக் கூட்டுபவரும் வெவ்வேறு நிலைகளில் உள்ளனர். மூவரின் விடையும் 15தான்.

4. அழித்தல். அடிக்கடி அழிப்பவர் எந்த வரியை அழிக்கிறார் என்பதைக் காண வேண்டும். அழிக்கப்பட்ட வரியில் மாணவரின் சொந்த முயற்சி இருக்கக்கூடும். 'ரப்பர் கூடாது, ஒரு கோடு போட்டு அடித்துவிட்டுப் பக்கத்தில் எழுது' என்று சில ஆசிரியர்கள் சொல்வதன் பயன் இதுவே.

5. அமைதி. சிந்திப்பவரும் அமைதியாக இருப்பார். அஞ்சுபவரும் அமைதியாக இருப்பார். முன்னவரின் பார்வை கணக்கின் மீது இருக்கும். பின்னவரின் பார்வை பெரும்பாலும் ஆசிரியர் மீதோ கதவின் மீதோ இருக்கும்.

பிழைகளை உற்றுநோக்கல்

கணிதத்தில் மாணவர் செய்யும் பிழைகளில் பல, கவனக்குறைவால் வருவன அல்ல. அவை ஓர் ஒழுங்குக்கு உட்பட்டவை. மாணவர் தாமாக ஒரு விதியை அமைத்துக்கொண்டு, அதைத் தவறாமல் பின்பற்றுவதால் வருபவை.

எண்களை எழுதுதல்: 'நூற்றி ஐந்து' என்று சொன்னால் சிலர் 1005 என எழுதுவர். காதில் விழுந்தபடியே நூறையும் (100) ஐந்தையும் (5) அடுத்தடுத்து எழுதியிருக்கிறார்கள். தமிழில் தொண்ணூறு, தொள்ளாயிரம் ஆகிய பெயர்களில் அடுத்த இடமதிப்பின் ஒலி கேட்பதும் தொடக்க வகுப்பினரைக் குழப்பக்கூடும். தொண்ணூறில் நூறு இல்லை. தொள்ளாயிரத்தில் ஆயிரம் இல்லை. இதைத் தனியாகச் சொல்லிக் கொடுக்க வேண்டியுள்ளது.

பின்னங்கள்: 1/2 + 1/3 = 2/5 என்பது பரவலாகக் காணப்படும் பிழை. மேலே உள்ளதை மேலேயும் கீழே உள்ளதைக் கீழேயும் கூட்டுவது முழு எண் கூட்டலின் நீட்சி. 'அரைத் தோசையோடு இன்னும் கொஞ்சம் தோசை வைத்தால், அரைத் தோசைக்கும் குறைவாகிவிடுமா?' என்று கேட்டால், 2/5 என்பது 1/2-ஐவிடச் சிறியது என்பதைக் காட்டி மாணவரையே தம் விடையைச் சோதிக்க வைக்கலாம்.

தசமங்கள்: 0.45, 0.6 ஆகியவற்றில் 0.45 பெரியது என்பவர், புள்ளிக்குப் பின் உள்ளதை 'நாற்பத்தைந்து', 'ஆறு' என முழு எண்களாகப் படிக்கிறார். 'நான்கு ஐந்து' எனத் தனித்தனி இலக்கமாகப் படிக்கும் பழக்கம் இதைக் குறைக்க உதவும்.

சமக்குறி: 8 + 4 = □ + 5 என்பதில் கட்டத்துக்குள் 12 என்று எழுதுபவர், சமக்குறியை 'விடை வருகிறது' என்ற அறிவிப்பாகக் கொள்கிறார். இரு பக்கமும் சமம் என்ற பொருள் அவருக்கு இன்னும் கிட்டவில்லை. இது திருத்தப்படாமல் போனால் இயற்கணிதத்தில் சமன்பாடு வரும்போது பெருந்தடையாகும்.

இத்தகைய பிழைகள் மதிப்பெண்ணுக்குப் பின்னால் மறைந்திருக்கக்கூடும் என்பதை, எர்ல்வாங்கர் என்ற ஆய்வாளர் 1973-இல் வெளியிட்ட ஆய்வு காட்டியது. 'பென்னி' என்று அதில் பெயரிடப்பட்ட 12 வயது அமெரிக்க மாணவன், தானே படித்துத் தானே தேர்வு எழுதும் பாடத்திட்டத்தில் நன்றாக முன்னேறி வந்தான். அவனுடன் அமர்ந்து பேசியபோது, 2/10 என்பதை 1.2 என்றும் 5/10 என்பதை 1.5 என்றும் அவன் மாற்றுவது தெரியவந்தது. மேலும் கீழும் உள்ள எண்களைக் கூட்டி, இடையில் புள்ளி வைப்பது அவன் வகுத்துக்கொண்ட விதி. தேர்வுகளில் போதிய மதிப்பெண் வந்துகொண்டிருந்ததால் அதை யாரும் அறியவில்லை.

சொற்கணக்குகளில் தவறு எங்கே நேர்கிறது என்பதை அறிய, ஆஸ்திரேலியாவின் ஆன் நியூமன் 1970-களில் ஐந்து படிகளை வகுத்தார். கணக்கை வாசித்தல், பொருள் புரிதல், எந்தச் செயல்முறை என முடிவு செய்தல், செயல்முறையைச் செய்தல், விடையை உரிய வடிவில் எழுதுதல் என்பன அவை. மாணவரை ஒவ்வொரு படியாகச் சொல்லச் சொன்னால், அவர் எந்தப் படியில் நிற்கிறார் என்பது தெரியும். கணக்கு வராது என்று ஒதுக்கப்பட்ட சிலர் உண்மையில் முதல் படியிலேயே, அதாவது வாசிப்பிலேயே, தடைபட்டு நிற்பதும் உண்டு.

ஒரு மாதிரிப் பதிவு

பின்வருவது விளக்கத்துக்காக அமைக்கப்பட்ட மாதிரி. கோவையிலிருந்து சத்தியமங்கலம் செல்லும் சாலையில் உள்ள அன்னூர் வட்டாரத்தில், நான்காம் வகுப்பு ஒன்றில் பயிற்சி ஆசிரியர் உற்றுநோக்குவதாகக் கொள்வோம். கரும்பலகையில் உள்ள கணக்கு 52 − 27. சரியான விடை 25. இரண்டு மாணவர்கள் 35 என எழுதியுள்ளனர். குறிப்பேட்டைத் திருத்துபவர் இரண்டுக்கும் ஒரே பெருக்கல் குறிதான் போடுவார். இருவரையும் 'எப்படிச் செய்தாய், சொல்' என்று கேட்டால் கிடைப்பது வேறு.

முதல் மாணவி: "ஏழுதானுங்க பெருசு. ஏழுல ரெண்டு போனா அஞ்சு. அஞ்சுல ரெண்டு போனா மூணு. முப்பத்தஞ்சுங்க."

இரண்டாம் மாணவன்: "ரெண்டுல ஏழு போகாதுங்க. பக்கத்துல கடன் வாங்கினா பன்னெண்டு. பன்னெண்டுல ஏழு போனா அஞ்சு. அஞ்சுல ரெண்டு போனா மூணு. முப்பத்தஞ்சுங்க."

முதல் மாணவி, மேலே கீழே எதுவானாலும் பெரிய இலக்கத்திலிருந்து சிறிய இலக்கத்தைக் கழிக்கிறார். இனமாற்றம் என்ற கருத்தே அவரிடம் இன்னும் உருவாகவில்லை. இரண்டாம் மாணவன் இனமாற்றம் செய்கிறார். ஆனால் பத்துகளின் இடத்தில் ஐந்து நான்காகக் குறைந்ததை மறக்கிறார். முதலாமவருக்குப் பத்து ஈர்க்குச்சிகள் கொண்ட கட்டுகளையும் தனிக்குச்சிகளையும் கொடுத்து, கட்டைப் பிரிக்கச் செய்து தொடங்க வேண்டும். இரண்டாமவருக்குப் பிரித்த பின் எத்தனை கட்டுகள் மீதம் என்று கேட்டாலே போதும். இருவருக்கும் ஒரே திருத்தம் சொன்னால் ஒருவருக்குப் பயன்படாது.

இங்கே கணக்கைத் தேர்ந்தெடுப்பதிலும் நுட்பம் உண்டு. 52 − 27 என்பதில் ஒன்றுகளின் இலக்கங்கள் 2, 7. அவற்றின் வேறுபாடு 5. வேறுபாடு 5 ஆக இருக்கும்போது இருவகைப் பிழையும் ஒரே விடையைத் தரும். 53 − 27 என்று கொடுத்திருந்தால் முதல் மாணவிக்கு 34-உம் இரண்டாம் மாணவனுக்கு 36-உம் வந்திருக்கும். சரியான விடை 26. குறையறி சோதனைக்கு வினா அமைப்பவர், வெவ்வேறு பிழைகள் வெவ்வேறு விடைகளைத் தரும்படி எண்களைத் தேர்ந்தெடுத்தால், பேசிப் பார்க்க நேரமில்லாத பெரிய வகுப்பிலும் ஓரளவு காரணத்தை அறியலாம்.

இதைப் பதிவு செய்யும் முறையிலும் வேறுபாடு உண்டு. 'மாணவி கழித்தலில் கவனக்குறைவாக உள்ளார்' என்பது தீர்ப்பு. '52 − 27: ஒன்றுகளின் இடத்தில் 7-இலிருந்து 2-ஐக் கழித்தார், கேட்டபோது ஏழு பெரியது என்றார்' என்பது பதிவு. தீர்ப்பைப் படிக்கும் அடுத்த ஆசிரியருக்கு மாணவியைப் பற்றி ஓர் எண்ணம் மட்டுமே கிடைக்கும். பதிவைப் படிப்பவருக்கு நாளைக் காலை எங்கிருந்து தொடங்குவது என்பது கிடைக்கும்.

கற்பித்தலில் கவனிக்க வேண்டியவை

காத்திருப்பு நேரம். ஆசிரியர் கேள்வி கேட்டதற்கும், தாமே விடை சொல்வதற்கோ அடுத்தவரைக் கேட்பதற்கோ இடையிலான நேரம் இது. அமெரிக்காவின் மேரி பட் ரோ, தொடக்கப் பள்ளி அறிவியல் வகுப்புகளில் இதனை ஆராய்ந்து 1974-இல் முடிவுகளை வெளியிட்டார். ஆசிரியர்கள் சராசரியாக ஒரு நொடியளவே காத்திருந்தனர். அதை மூன்று நொடிக்கு மேல் நீட்டியபோது மாணவர் விடைகள் நீண்டன. விடை சொல்லத் தவறுவோர் குறைந்தனர். கணக்கில் மனத்துக்குள் இரண்டு மூன்று படிகள் செல்ல வேண்டியிருப்பதால் இந்தக் காத்திருப்பு மேலும் முக்கியமாகிறது.

கேள்வியின் வகை. 'ஏழெட்டு எவ்வளவு?' என்பது நினைவைக் கேட்கிறது. 'ஏழெட்டு ஐம்பத்தாறு என்பது மறந்துபோனால் எப்படிக் கண்டுபிடிப்பாய்?' என்பது சிந்தனையைக் கேட்கிறது. ஒரு பாடவேளையில் இவ்விரு வகையும் எத்தனை எத்தனை என்று எண்ணுவது எளிய, பயனுள்ள பயிற்சி.

பிழையைக் கையாளுதல். தவறான விடை வந்தவுடன் ஆசிரியர் 'உட்கார்' என்கிறாரா, சரியான விடையைத் தாமே சொல்கிறாரா, 'எப்படி வந்தது?' என்று கேட்கிறாரா என்பதைப் பதிவு செய்யலாம். சரியான விடை சொன்னவரிடமும் அதே கேள்வியைக் கேட்கிறாரா என்பதும் கவனிக்கத்தக்கது. தவறு செய்தவரை மட்டுமே 'எப்படி?' என்று கேட்டால், அக்கேள்வியைக் கேட்டதுமே தம் விடை தவறு என்று மாணவர்கள் முடிவு செய்துவிடுவர்.

வரிசைகளுக்கிடையே நடத்தல். மாணவர்கள் கணக்குச் செய்யும்போது ஆசிரியர் எந்தப் பக்கம் நடக்கிறார், யாரிடம் நிற்கிறார், யாரைக் கடந்து செல்கிறார் என்பதை வகுப்பின் வரைபடத்தில் கோடாக வரைந்தால், ஆசிரியர் ஒருமுறைகூடச் செல்லாத இடங்கள் தெரியும். ஆசிரியர்களுக்கே வியப்பளிக்கக்கூடிய பதிவு இது.

பதிவுக் கருவிகள்

நிகழ்வுப் பதிவேடு, சரிபார்ப்புப் பட்டியல், தரநிலை அளவுகோல் ஆகியவை பி.எட். பாடநூல்களில் இடம்பெறும் பொதுக் கருவிகள். வகுப்பறைப் பேச்சைப் பதிவு செய்ய நெட் ஃபிளாண்டர்ஸ் உருவாக்கிய இடைவினைப் பகுப்பாய்வு முறை பரவலாக அறியப்பட்டது. இதில் பத்து வகைகள் உள்ளன. ஏழு ஆசிரியர் பேச்சுக்கும், இரண்டு மாணவர் பேச்சுக்கும், ஒன்று அமைதி அல்லது குழப்பத்துக்கும் உரியவை. மூன்று நொடிக்கு ஒருமுறை அப்போது நிகழ்வதன் எண்ணை எழுத வேண்டும். நிமிடத்துக்கு 20 வீதம் 40 நிமிடப் பாடவேளையில் 800 பதிவுகள் கிடைக்கும். ஆசிரியர் எவ்வளவு பேசினார், மாணவர் எவ்வளவு பேசினர் என்பதை இது துல்லியமாகக் காட்டும்.

கணித வகுப்புக்கு இம்முறையில் ஒரு குறையுண்டு. அமைதியும் குழப்பமும் ஒரே எண்ணின்கீழ் வருகின்றன. முப்பது பேரும் தலைகுனிந்து கணக்குச் செய்யும் ஐந்து நிமிடங்களும், என்ன செய்வதென்று தெரியாமல் விழிக்கும் ஐந்து நிமிடங்களும் அட்டவணையில் ஒன்றாகவே தோன்றும். எனவே எண் பதிவுடன் இரண்டு அல்லது மூன்று மாணவர்களின் குறிப்பேட்டையும் சேர்த்துப் பார்ப்பது நல்லது.

தமிழ்நாட்டு நடைமுறைகள்

தேசிய ஆசிரியர் கல்விக் குழுமத்தின் 2014-ஆம் ஆண்டு ஒழுங்குமுறைகளின்படி பி.எட். படிப்பு இரண்டு ஆண்டுகளாக்கப்பட்டது. பள்ளி அனுபவத்துக்குக் குறைந்தது 20 வாரங்கள் ஒதுக்கப்பட்டன. முதலாண்டில் நான்கு, இரண்டாமாண்டில் பதினாறு. மூத்த ஆசிரியரின் வகுப்பையும் சக பயிற்சி ஆசிரியரின் வகுப்பையும் உற்றுநோக்கிப் பதிவேடு எழுதுவது இதன் பகுதியாகும். மதிப்பெண்ணுக்காகப் பழைய பதிவேட்டைப் பார்த்து எழுதும் பழக்கம் இதன் பயனைக் கெடுக்கிறது.

தொடக்க வகுப்புகளில் செயல்வழிக் கற்றல் முறை குறிப்பிடத்தக்க மாற்றத்தைக் கொண்டுவந்தது. ஆந்திரத்தின் ரிஷிவேலி பள்ளியில் உருவான அட்டை, ஏணிப்படி முறையை அடிப்படையாகக் கொண்டு 2003-இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகள் சிலவற்றில் இது தொடங்கியது. 2007–2008 கல்வியாண்டில் மாநிலமெங்கும் அரசு தொடக்கப் பள்ளிகளுக்கு விரிவாக்கப்பட்டது. ஆசிரியரின் முழு உதவி தேவைப்படுவோர் முதல் தாமே கற்போர் வரை மாணவர்கள் குழுக்களாக அமர்ந்தனர். ஆசிரியரும் அவர்களுடன் தரையில் அமர்ந்தார். சுவரின் கீழ்ப்பகுதியில், குழந்தைகளின் கைக்கு எட்டும் உயரத்தில், ஒவ்வொருவருக்கும் கரும்பலகை இடம் ஒதுக்கப்பட்டது. உற்றுநோக்கலின் பார்வையில் இந்தக் கீழ்மட்டக் கரும்பலகை முக்கியமானது. ஒருவர் கணக்குச் செய்யும் ஒவ்வொரு படியும் அது நிகழும்போதே ஆசிரியரின் கண்ணில் படும்.

கொரோனா காலக் கற்றல் இடைவெளியைக் குறைக்க 2022 ஜூன் மாதம் தொடங்கப்பட்ட 'எண்ணும் எழுத்தும்' திட்டம், முதலில் 1 முதல் 3 வரையான வகுப்புகளுக்கு நடைமுறைக்கு வந்தது. மாணவர்களின் கற்றல் நிலைக்கேற்ப அரும்பு, மொட்டு, மலர் என மூன்று நிலைகளில் பயிற்சி அமைந்தது. ஒரு குழந்தை எந்த நிலையில் உள்ளது என்று சரியாகக் கண்டறிவதே இத்திட்டத்தின் அடித்தளம். அந்த இடத்தில் ஆசிரியரின் உற்றுநோக்கலுக்கு மாற்று இல்லை.

தேசியக் கலைத்திட்ட வடிவமைப்பு 2005-க்காக, சென்னைக் கணித அறிவியல் நிறுவனத்தைச் சேர்ந்த ஆர். ராமானுஜம் தலைமையில் கணிதம் கற்பித்தல் குறித்த நோக்குக் குழு அமைந்தது. குழந்தையின் சிந்தனையைக் கணிதமயமாக்குவதே கணிதக் கல்வியின் முதன்மை நோக்கம் என்று அக்குழு கூறியது. கணிதத்தின் மீதான அச்சமும் தோல்வி உணர்வும் பள்ளிக் கணிதத்தின் முதன்மைச் சிக்கல் என்றும் சுட்டியது.

சந்தைக் கணக்கும் பள்ளிக் கணக்கும்

கொங்கு வட்டாரத்தில் விவசாயம், நூற்பாலை, விசைத்தறி, வாரச்சந்தை ஆகியவற்றோடு வளரும் பிள்ளைகள் பலர் வீட்டிலேயே கணக்குப் பழகுகின்றனர். கிலோ 40 ரூபாய் என்றால் முக்கால் கிலோ 30 ரூபாய் என்று உடனே சொல்பவர், 3/4 × 40 என்று எழுதினால் திகைக்கக்கூடும்.

இந்த இடைவெளி ஆய்வுகளிலும் உறுதிப்பட்டுள்ளது. பிரேசிலில் தெருவில் பொருள் விற்கும் சிறுவர்களைப் பற்றிய ஆய்வு 1985-இல் வெளியானது. கொல்கத்தாவிலும் டெல்லியிலும் சந்தையில் வேலை செய்யும் ஆயிரத்துக்கும் மேற்பட்ட சிறுவர்களைப் பற்றிய ஆய்வு 2025-இல் 'நேச்சர்' இதழில் வெளியானது. சந்தையில் சிக்கலான கணக்குகளை மனத்தாலேயே செய்த சிறுவர்கள், பள்ளி வடிவில் கொடுத்த எளிய கணக்குகளில் தடுமாறினர். பள்ளி மாணவர்களோ, எழுத்துக் கணக்கில் சிறந்திருந்தும் சந்தைக் கணக்கில் பின்தங்கினர். ஒருவருக்குக் கணக்கு வராது என்று முடிவு செய்யுமுன், எந்தக் கணக்கு வராது என்று கேட்க வேண்டியுள்ளது.

வேலை தேடிக் கொங்குப் பகுதிக்கு வந்த வடமாநிலத் தொழிலாளர்களின் பிள்ளைகளும் இன்று இப்பகுதிப் பள்ளிகளில் பயில்கின்றனர். அவர்களிடம் காணும் மௌனம் மொழியால் வந்ததா, கணக்கால் வந்ததா என்பதைப் பிரித்தறியாமல் 'மெல்லக் கற்போர்' பட்டியலில் சேர்ப்பது பொருந்தாது. எண்களை மட்டும் கொண்ட ஒரு கணக்கையும், அதே எண்களைக் கொண்ட சொற்கணக்கையும் கொடுத்துப் பார்த்தால் வேறுபாடு தெரிந்துவிடும்.

ஜப்பானின் பாட ஆய்வு

ஜப்பானில் 'ஜுக்யோ கென்க்யூ' எனப்படும் பாட ஆய்வு முறை ஒரு நூற்றாண்டுக்கும் மேலாக வழக்கில் உள்ளது. ஒரு பள்ளியின் ஆசிரியர்கள் கூடி ஒரு பாடத்தைத் திட்டமிடுகின்றனர். மாணவர்கள் என்னென்ன விடைகளைச் சொல்லக்கூடும், எங்கே தவறக்கூடும் என்பதையும் முன்கூட்டியே எழுதிக்கொள்கின்றனர். ஒருவர் பாடம் நடத்த, மற்றவர்கள் சுற்றி நின்று மாணவர்களின் குறிப்பேடுகளைக் கவனிக்கின்றனர். பின்னர் நடக்கும் கலந்துரையாடலில் விவாதிக்கப்படுவது பாடம். பாடம் நடத்தியவர் அல்லர். 1995-இல் ஜெர்மனி, ஜப்பான், அமெரிக்கா ஆகிய மூன்று நாடுகளின் எட்டாம் வகுப்புக் கணித வகுப்புகள் 231 ஒளிப்பதிவு செய்யப்பட்டு ஒப்பிடப்பட்ட பின் இம்முறை உலகளவில் கவனம் பெற்றது.

தனிச்செலவு எதுவும் இல்லாததால் நம் பள்ளிகளிலும் இதைச் சிறிய அளவில் செய்யலாம். ஒரே பள்ளியின் இரண்டு ஆசிரியர்கள் மாதம் ஒருமுறை ஒருவர் வகுப்பில் மற்றவர் அமர்ந்து, மூன்று மாணவர்களை மட்டும் கவனித்து, மாலையில் அரைமணி நேரம் பேசினால் அதுவே நல்ல தொடக்கமாகும்.

வரம்புகளும் நெறிமுறைகளும்

உற்றுநோக்குபவர் இருப்பதே வகுப்பை மாற்றிவிடும். எனவே ஒரே நாள் பதிவைக் கொண்டு முடிவு செய்யக் கூடாது. முதல் இரண்டு நாட்கள் எதையும் எழுதாமல் அமர்ந்திருந்து, மாணவர்கள் பழகிய பிறகு பதிவு தொடங்குவது வழக்கம். முன்கூட்டியே கேட்ட கருத்தும் பார்வையைக் கெடுக்கும். 'இந்தப் பையன் மக்கு' என்று ஆசிரியர் அறையில் கேட்டுவிட்டு வகுப்புக்குள் செல்பவர், அதற்கான சான்றுகளையே காண்பார்.

ஒருவரே பாடமும் நடத்தி உற்றுநோக்கவும் வேண்டிய நிலையில், எல்லாரையும் ஒரே நாளில் கவனிப்பது இயலாது. நாளுக்கு மூன்று பேர் என வைத்துக்கொண்டால், முப்பது பேர் கொண்ட வகுப்பை இரண்டு வாரப் பள்ளி நாட்களில் முடித்துவிடலாம். ஒருவருக்கு இரண்டு வரிப் பதிவு போதும்.

மாணவரின் பெயரைப் பதிவேட்டுக்கு வெளியே பயன்படுத்தக் கூடாது. ஒருவரின் பிழையைச் சக மாணவர் முன்போ, பெற்றோர் கூட்டத்தில் மற்றவர் முன்போ படித்துக் காட்டக் கூடாது. வகுப்பை ஒளிப்பதிவு செய்வதற்குப் பள்ளியின், பெற்றோரின் இசைவு தேவை. பார்க்கப்பட்ட ஆசிரியருக்குப் பதிவைக் காட்டுவதும் நெறிமுறையின் பகுதியே.

பதிவின் பயன் அது முடிந்த பிறகே தொடங்குகிறது. மூன்றாம் வகுப்பில் யாரும் கேட்காமல் விட்ட 'ஏழுதானுங்க பெருசு' என்ற விதி, ஏழாம் வகுப்பில் முழுக்கள் கழித்தலிலும், அதன்பின் சமன்பாடுகளிலும் மாணவருடன் சேர்ந்தே வரும். அதற்குள் அவர் தமக்குக் கணக்கு வராது என்று நம்பியிருப்பார். உரிய காலத்தில் அருகில் அமர்ந்து 'எப்படிச் செய்தாய், சொல்' என்று கேட்கச் சில நிமிடங்களே ஆகும்.